பம்பரைக் கழற்றிய பிறகு

வீரக்கோன் ஐயாவின் புதிய வண்டி
வந்ததே கேட்கவில்லை.
தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தபோது
கராஜ் வாசலில் நின்றது,
ஹட்டன் மூடுபனியை முழுக்க
தன் மூக்கில் வாங்கிக்கொண்டு.

கினிகத்தேனை வளைவில் லொறி உரசியதாம்.
நெருப்புப் பெட்டியின் ஓரம் போல ஒரு தீற்றல்.
அதைவிடப் பெரிய காயம்
ஐயாவின் முகத்தில்.

"போன வண்டியும் இதே பெயர்தானே?" என்றேன்.
"பெயர் அதே. இது புதிய முகம்."
முகத்துக்கு அறுபது லட்சம் கூட.
கோடிக் கணக்கைப் பற்றி அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

கதவைத் திறக்கப் போனால் கைபிடி இல்லை.
தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.
திறப்பு அவர் சட்டைப் பையில்;
அவர் கிட்ட வந்தால் எட்டிப் பார்க்கும்,
எனக்கு வராது.
ஜனவரி உறைபனியில் நுவரெலியாவில் அவருக்கே வரவில்லையாம்,
ஹோட்டல்காரன் சுடுதண்ணி ஊற்றினானாம்.
சிரித்துக்கொண்டே சொன்னார்.
விலை கூடின சாமானின் குற்றத்தைச் சொல்லும்போது
மனுசருக்கு எப்படியோ ஒரு பெருமை வந்துவிடுகிறது.

பம்பரைக் கழற்றினோம்.
உள்ளே அதே இரும்பு, அதே கிளிப்,
அச்சில் அதே ஆறு இலக்கம்.
"அண்ணே, இது அவன்தான்" என்றான் ஜெரோம்,
"புதுச் சட்டை போட்டிருக்கான்."
ஐயா காதில் விழாதபடி
நான் உப்புத்தாளைச் சத்தமாகத் தேய்த்தேன்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது.
பின்கதவிலிருந்து வால்விளக்கு வரை ஒரு கோடு போகிறது.
இருபத்திரண்டு வருசமாகத் தகடு தட்டுகிறேன்,
உள்ளங்கைதான் என் அளவுகோல்.
அந்தக் கோட்டை எனக்கு வளைக்க வராது.
மூன்று முறை கையை ஓட்டினேன்.
நாலாவது முறை
வேலைக்காக இல்லை.

"சொல்லு பன்னீர், குடுத்த காசு பெறுமா?"

"ஏத்தத்துக்கு எப்படி ஐயா?"
"பழைய மாதிரித்தான்."
"இறக்கத்துக்கு?"
"நுவரெலியாவிலிருந்து றம்பொடை இறங்கக்குள்ள
நாலு வீதம் சார்ஜ் ஏறுது."
"பழையதில்?"
"மூன்று."

அறுபது லட்சத்துக்கு ஒரு வீதம்.
வகுத்துப் பார்க்கக் கடதாசி எடுத்தேன்,
புட்டி படிந்த கடதாசி,
வைத்துவிட்டேன்.

பிறகுதான் அந்த நாயைச் சொன்னார்.
தலவாக்கலைக்கு மேலே, மாலை ஆறு மணி,
பாதை நடுவில் படுத்திருந்ததாம்.
"நான் காணவில்லை பன்னீர்.
வண்டி கண்டது. தானாக நின்றது."

பழைய வண்டி?
அவர் கேத்தல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நானும் கேட்கத் தேவையில்லை.
அந்த பம்பரைக் கழுவியவன் நான்தான்.

கண்ணை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன்.
முன்கண்ணாடியின் உச்சியில்,
கொட்டைப்பாக்களவு.
அதற்கு எவ்வளவு என்று எந்த பில்லிலும் தனியாக இருக்காது.
தனியாக விற்றிருந்தால்
வாங்கிப் பழையதில் பூட்டியிருப்பாரே.
அந்தக் கோடு, அந்த ஒளிந்த கைபிடி,
நெஞ்சகலத் திரை,
எல்லாவற்றையும் வாங்கினால்தான்
அந்தக் கொட்டைப்பாக்கு.

"நாய்க்குப் பெறும் ஐயா" என்றேன்.
சிரிப்பதா என்று யோசித்தார்.

பின்னேரம் பெயின்ட் காய்ந்தது.
பதினெட்டாயிரம் சொன்னேன்.
"பதினைஞ்சு போதும்தானே?"
கொழும்பு ஷோரூமிலும்
இப்படிக் குறைத்துக் கேட்டீர்களா என்று
நாக்கு நுனிவரை வந்தது.
பதினாறரையில் முடிந்தது.
சத்தமில்லாமல் போனார்.
கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்,
கோடு கையிலேயே இருந்தது.

பழைய வண்டி இப்போது
கொட்டகலையில் ஒரு பல்வைத்தியரிடம்.
நல்ல மலிவாம், அவருக்குச் சந்தோசம்.
நாளைக்குக் கொண்டு வருகிறார்,
கதவு உரசுதாம்.
"விடிஞ்ச பிறகு வெளிக்கிடுங்க" என்று போனில் சொன்னேன்.
"ஏன்?" என்றார்.
பனி என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.